மறைந்த மாவீரர்களும் மறையாத சூப்பர்மேனும்

எங்கள் அப்பா பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறார். கட்டுரையின் முதல் வரியிலேயே குடும்பக் கதையா என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். இதில் வரப்போகும் வீரர்கள் எல்லோருமே மட்டமான காகிதத்தில் பிறந்து, பழைய பேப்பராகவே போய்ச் சேர்ந்தவர்கள். ஆகவே கடையில் இருந்து தொடங்குவதுதான் முறை.

போன கோடை விடுமுறையில் கடையில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். நியூஸ் பேப்பர் தனி, நோட்டு தனி, அட்டை தனி. அப்போது ஒரு பழைய ஆங்கில நாவல் கையில் தட்டுப்பட்டது. அட்டையில் ஓர் ஆள். சட்டை கந்தல் கந்தலாய்க் கிழிந்திருக்கிறது. உடம்பு கோயில் வெண்கலச் சிலை மாதிரி. தலைமுடி தொப்பி கவிழ்த்தது போல் ஒட்டிக் கிடக்கிறது. பெயர் டாக் சாவேஜ். கடைசிச் சில பக்கங்களைக் காணோம். அப்பா எடையில் போடச் சொன்னார். நான் பையில் போட்டுக்கொண்டேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

கல்லூரி திறந்ததும் வகுப்பில் விசாரித்தேன். டாக் சாவேஜ் என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை. சூப்பர்மேன் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அதிசயம் இருக்கிறது. டாக் சாவேஜ் வந்தது 1933-ல். சூப்பர்மேன் வந்தது 1938-ல். டாக் சாவேஜின் இயற்பெயர் கிளார்க். சூப்பர்மேன் ஊருக்குள் வைத்துக்கொண்ட பெயரும் கிளார்க். இவர் ‘வெண்கல மனிதர்’, அவர் ‘எஃகு மனிதர்’. இவருக்கு வடதுருவப் பனியில் ‘தனிமைக் கோட்டை’ என்று ஓர் ஆராய்ச்சிக் கூடம். பிற்பாடு சூப்பர்மேனுக்கும் அதே வடதுருவத்தில் அதே பெயரில் ஒரு கோட்டை வந்து சேர்ந்தது! அண்ணன் சொத்து முழுவதும் தம்பி பெயருக்கு மாறிவிட்டது. அண்ணன் எடைக்குப் போய்விட்டார். இது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மரக்கூழ் பத்திரிகைகள்

அமெரிக்காவில் 1896-ல் ஃபிராங்க் மன்சி என்பவர் ‘ஆர்கோசி’ என்ற பத்திரிகையை முழுக்க முழுக்கக் கதைகளுக்கென்றே, இருப்பதிலேயே மலிவான காகிதத்தில் அச்சிட்டார். மரத்தை அப்படியே அரைத்துச் செய்த கூழ்க் காகிதம். கூழுக்கு ஆங்கிலத்தில் ‘பல்ப்’. அதனால் இந்த ரகப் பத்திரிகைகளுக்கே பல்ப் என்று பெயர் வந்தது. அரைத்த மரத்தில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுத்து மஞ்சளாகும், ஓரம் பொடிப்பொடியாக உதிரும். எங்கள் அப்பாவுக்கு லிக்னின் தெரியாது. ஆனால் கட்டைத் தொட்டுப் பார்த்தே, “இது பழுத்த பேப்பர், மடிச்சா ஒடிஞ்சிடும், ரேட்டு போகாது” என்று சொல்லிவிடுவார்.

இந்தக் காகிதத்தில்தான் 1912-ல் டார்ஜான் வந்தார், 1919-ல் ஜோரோ வந்தார், 1931-ல் ‘ஷேடோ’, 1933-ல் டாக் சாவேஜ். 10 சென்ட் கொடுத்தால் ஒரு முழு நாவலும் கூடவே சில சிறுகதைகளும் கிடைக்கும். அட்டை மட்டும்தான் வண்ணத்தில் பளபளக்கும். உள்ளே இரண்டு பத்தி எழுத்து, எழுத்து, எழுத்து. எழுதுகிறவருக்கு வார்த்தைக் கணக்கில் கூலி. ஷேடோ பத்திரிகை பல வருடங்கள் மாதம் இரண்டு முறை வந்தது. மொத்தம் 325 இதழ்கள். அவற்றில் 282 நாவல்களை எழுதியவர் ஒரே மனிதர், வால்டர் கிப்சன். டைப்ரைட்டரில் அந்த விரல்கள் என்ன பாடு பட்டிருக்கும்! நமக்கு ஒரு ரெக்கார்ட் நோட்டு எழுதுவதற்குள் கை கழன்று விடுகிறது.

ஆனால் அட்டையில் கிப்சன் பெயர் கிடையாது. ‘மேக்ஸ்வெல் கிராண்ட்’ என்று இருக்கும். அது பதிப்பகம் வைத்த பொதுப் பெயர். யார் எழுதினாலும் அந்தப் பெயரில்தான் வரும். டாக் சாவேஜ் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதிய லெஸ்டர் டென்ட்டின் பெயரும் அட்டையில் இல்லை. ‘கென்னத் ராப்சன்’ என்றுதான் இருந்தது. பதிப்பகம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஸ்ட்ரீட் அண்டு ஸ்மித். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கண்ணுக்குத் தெரியாதவன் காதுக்குத் தெரிந்தான்

ஷேடோ பிறந்த விதம் வேடிக்கையானது. முதலில் அவர் கதாபாத்திரமே இல்லை, வெறும் குரல். 1930-ல் ஸ்ட்ரீட் அண்டு ஸ்மித் தங்கள் துப்பறியும் பத்திரிகையை விற்பதற்காக ரேடியோவில் கதை படிக்க ஏற்பாடு செய்தார்கள். படிக்கிறவர் தன்னை ‘நிழல்’ என்று சொல்லிக்கொண்டு ஒரு மாதிரி பயங்கரமாகச் சிரிப்பார். சனங்கள் கடைக்குப் போய் விளம்பரம் செய்த பத்திரிகையைக் கேட்கவில்லை. “அந்த நிழல் பத்திரிகை இருக்கா?” என்று கேட்டார்கள். இல்லாத பத்திரிகையை எப்படிக் கொடுப்பது? ஆகவே 1931-ல் அதையே தொடங்கிவிட்டார்கள்.

1937-ல் ஷேடோ ரேடியோ நாடகத்தின் நாயகனாகவே ஆனார். அப்போது குரல் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ், வயது 22. (பிற்காலத்தில் ‘சிட்டிசன் கேன்’ எடுத்தவர் இவரே.) பத்திரிகையில் ஷேடோ கறுப்பு அங்கியும் அகலத் தொப்பியும் போட்டு இருட்டில் ஒளிந்துகொள்ளும் மனிதர், கையில் இரண்டு துப்பாக்கி. ரேடியோவிலோ எதிரியின் மனத்தை மயக்கி, கண்ணெதிரே நின்றாலும் தெரியாமல் போகும் சக்தி படைத்தவர். ரேடியோவுக்கு இதைவிடப் பொருத்தமான சக்தி உண்டா? கேட்கிறவனுக்கும் அவர் தெரிய மாட்டார், கதைக்குள் இருக்கும் திருடனுக்கும் தெரிய மாட்டார். இருவருக்கும் குரல் மட்டும்தான். ஒரு பைசா செலவில்லாத மாயாஜாலம்! அந்த நாடகம் 1954 வரை ஓடியது.

இதே ஆளைப் படத்தில் காட்டுங்கள் பார்க்கலாம். காலிக் கட்டம்தான் இருக்கும். இருட்டில் ஒளிந்த கறுப்பு அங்கியையாவது வரையலாம் என்றால், அந்தக் கால மலிவு காமிக்ஸ் அச்சில் கறுப்பின் மேல் கறுப்பு எதைக் காட்டும்?

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நம் ஊர் காமிக்ஸ் வாசகர்கள் கொண்டாடும் இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ இதழில் 1962-ல் வந்த லூயிஸ் கிராண்டெல்தான் அவர். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தார். மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், ஆனால் அந்த எஃகுக் கை மட்டும் மறையாது. (மின்னியல் மாணவி என்ற முறையில் சொல்கிறேன்: நம் லேபில் யாரும் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம். ஆள் மறைவது உண்மைதான், ஆனால் திரும்பி வர முடியாது.) முழு ஆளையும் மறைத்திருந்தால் ஓவியருக்கு வேலை இல்லை. ஒரே ஒரு கையை மட்டும் அந்தரத்தில் விட்டதால் ஒவ்வொரு கட்டமும் கண்ணைக் கட்டிப் போடுகிறது. மறைகிறவனாக இருந்தாலும் படத்தில் பிழைக்க ஏதாவது ஒன்று தெரிந்தே ஆக வேண்டும் என்பது அந்தக் கதையை எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் தெரிந்திருக்கிறது. ஷேடோவை உருவாக்கியவர்களுக்கு அந்தக் கவலையே வரவில்லை. அவர்கள் காதுக்கும் எழுத்துக்கும் செய்தார்கள்.

இப்போது சூப்பர்மேனைப் பாருங்கள். 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் அட்டை: நீலச் சட்டை, சிவப்பு மேலங்கி, மார்பில் ஒரு சின்னம், தலைக்கு மேல் ஒரு முழு மோட்டார் காரைத் தூக்கிப் பாறையில் மோதுகிறார். ஒரு எழுத்துகூடப் படிக்க வேண்டாம். ‘இந்த ஆளுக்குப் பலம் அதிகம்’ என்று புரிந்துவிட்டது. சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகியவை அந்த மட்டக் காகிதத்திலும் பளிச்சென்று விழும் வண்ணங்கள். உள்ளே அவர் வேறு கிரகத்தில் இருந்து வந்த கதை ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அதே 10 சென்ட்தான், ஆனால் பக்கம் பக்கமாகப் படம்.

ஷேடோ யார் என்று ஒரு பக்கத்தில் சொல்ல முயன்றேன், முடியவில்லை. ரேடியோவில் அவர் லாமன்ட் கிரான்ஸ்டன் என்ற பணக்காரர். பத்திரிகையிலோ கிரான்ஸ்டன் வேறு ஆள், ஷேடோ அவருடைய வேஷத்தைப் போட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். நிஜத்தில் அவர் கென்ட் அல்லார்ட் என்ற விமானி என்று 1937-ல் ஒரு கதையில் சொன்னார்கள். நாவலாகப் படிக்க இது சுவையான முடிச்சு. சட்டையில் அச்சடிக்க முடியாத முடிச்சு.

என் ஆராய்ச்சியைக் கடையிலேயே சோதித்துப் பார்த்தேன். செல்போனில் இரண்டு படம் எடுத்து அப்பாவிடம் காட்டினேன். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார்.

“இது யாருன்னு தெரியுதாப்பா?”

“இது சூப்பர்மேனு. ஸ்கூல் பையில போட்டிருப்பான்ல.”

“சரி, இது?”

ஷேடோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “யாரு பாப்பா இது, வில்லனா?”

அப்பா ஒரு சூப்பர்மேன் கதைகூடப் படித்ததில்லை, படமும் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிகிறது. படிக்கத் தெரியாதவர் மனத்திலும் இடம் பிடித்தவன் தங்கிவிட்டான். படித்தால்தான் தெரியும் என்று இருந்தவன் படிப்பவர்கள் குறைந்ததும் போய்விட்டான். இதுதான் என் கட்சி. சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான், ஆனால் அவ்வளவோடு விட முடியாது, ஏனென்றால் எதிர்க் கட்சிக்கும் பலமான சாட்சிகள் இருக்கிறார்கள்.

எதிர்க் கட்சியின் சாட்சிகள்

முதல் சாட்சி ஜோரோ. அவரும் பல்ப் பத்திரிகையில் பிறந்தவர்தான், ஆனால் மறையவில்லையே? காரணம், மறு வருடமே, அதாவது 1920-ல், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்து மவுனப் படமாகிவிட்டார். முகமூடி, குதிரை, வாள், அந்த வாளால் கீறும் ஒற்றை எழுத்து: எல்லாம் பேச்சே இல்லாமல் தெரிகிறவை. டார்ஜானும் அப்படியே. எட்கர் ரைஸ் பர்ரோஸ் இன்னொரு காரியமும் செய்தார். 1923-ல் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கி டார்ஜானைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இவர்கள் என் கட்சிக்கே சாட்சி சொல்கிறார்கள் என்பேன்.

இரண்டாவது சாட்சிதான் கஷ்டம்: ஃபேன்டம். நாம் வேதாளர் என்றும் மாயாவி என்றும் படித்தவர். லீ ஃபால்க் 1936-ல் செய்தித்தாள் படக்கதையாகத் தொடங்கினார். உடம்போடு ஒட்டிய உடை, முகமூடி, மண்டையோட்டு மோதிரம் எல்லாம் சூப்பர்மேனுக்கு இரண்டு வருடம் முன்பே. பார்த்தால் தெரிகிற ஆள்தான். ஆனால் அமெரிக்காவில் அவர் புகழ் சூப்பர்மேன் அளவுக்கு வளரவே இல்லை. ஆஸ்திரேலியாவிலும் சுவீடனிலும் இந்தியாவிலும் கொடிகட்டிப் பறந்தார். 1964-ல் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவர் கதைதான். அப்படியானால் உருவம் மட்டும் போதாது. எந்த ஊரில் யார் விடாமல் அச்சிடுகிறார்கள் என்பதும் சேர வேண்டும்.

மூன்றாவது, சூப்பர் ஹீரோக்களிலும் செத்தவர்கள் ஏராளம். 1940-களில் சூப்பர்மேனைவிட அதிகம் விற்றவர் கேப்டன் மார்வெல். அவரைச் சூப்பர்மேனின் நகல் என்று வழக்குப் போட்டார்கள். இழுத்து இழுத்து, 1953-ல் அந்தக் கம்பெனி அவரை நிறுத்திக்கொண்டது. (நகல் என்று வழக்குப் போட்டவர்கள் டாக் சாவேஜ் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.) உலகப் போர் முடிந்ததும் மேலங்கி வீரர்கள் கூட்டம் கூட்டமாகக் காணாமல் போனார்கள். 1956-ல் ஃபிளாஷ் என்ற பழைய பெயருக்குப் புது ஆளைப் போட்டு எடுத்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது.

ஆகவே உருவம் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, வீட்டுக்காரர் யார் என்பது.

யார் வீட்டில் இருந்தார்கள்?

போர்க் காலத்தில் காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. பல்ப் இதழ்கள் சிறுத்தன. பழைய இதழ்களை வீடு வீடாக வாங்கிக் கூழாக்கினார்கள். எங்கள் அப்பா செய்யும் தொழிலை அப்போது நாடே செய்தது. பிறகு பாக்கெட் நாவல் வந்தது, டெலிவிஷன் வந்தது. 1949-ல் ஸ்ட்ரீட் அண்டு ஸ்மித் தங்கள் பல்ப் பத்திரிகைகளை, ஒரு விஞ்ஞானக் கதைப் பத்திரிகையைத் தவிர, மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். ஷேடோவும் டாக் சாவேஜும் ஒரே கோடையில் முடிந்தார்கள். அவர்களுக்கு அப்போது லாபம் தந்தது பெண்களுக்கான வழவழப்பு பேஷன் பத்திரிகைகள். 1959-ல் ஸ்ட்ரீட் அண்டு ஸ்மித்தே கைமாறி, ‘வோக்’ பத்திரிகை நடத்தும் காண்டே நாஸ்ட்டிடம் போய்ச் சேர்ந்தது. சேலை கடையில் அரிவாளை வைத்தது போல் ஆயிற்று.

சூப்பர்மேன் இருந்த வீடோ காமிக்ஸ் விற்றே சாப்பிட்ட வீடு. 1940-ல் ரேடியோ, 1941-ல் கார்ட்டூன் படம், 1952-ல் டெலிவிஷன் என்று ஒவ்வொரு புதுச் சாதனம் வரும்போதும் அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்கள். நடுவில் மாதா மாதம் இதழ் நிற்கவே இல்லை. 1967-ல் அந்த நிறுவனத்தைக் கின்னி என்ற கம்பெனி வாங்கியது. அதே கம்பெனி 1969-ல் வார்னர் திரைப்பட நிறுவனத்தையும் வாங்கியது. வீரனும் ஸ்டூடியோவும் ஒரே கூரையின் கீழ் வந்தாயிற்று. 1978-ல் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த பெரிய படம் வந்தது. டாக் சாவேஜுக்கும் 1975-ல் ஒரு படம் வந்தது, கேலிக்கூத்தாக எடுத்துத் தோற்றார்கள்.

ஷேடோவின் கதி இன்னும் பரிதாபம். 1939-ல் வந்த பேட்மேனின் முதல் கதையே, 1936-ல் வந்த ஒரு ஷேடோ நாவலைத் தழுவியது. அதை எழுதிய பில் ஃபிங்கரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பணக்கார இளைஞன், இரவு, கறுப்பு அங்கி, பயமுறுத்தும் உருவம் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். 1989-ல் பேட்மேன் படம் ஓகோ என்று ஓடியது. அதைப் பார்த்து 1994-ல் ஷேடோவைப் படமாக்கினார்கள். பார்த்த இளைஞர்களுக்கு அது பேட்மேன் மாதிரி இருந்தால் அவர்கள் மேல் என்ன தப்பு? கடன் கொடுத்தவர் கடன்காரர் மாதிரி நின்றார். படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. 1996-ல் ஃபேன்டம் படத்துக்கும் அதே கதிதான்.

குறையே இல்லாதவன்

இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இது நான் நாவலைப் படித்தபோது எனக்கே தோன்றியது.

டாக் சாவேஜ் குறையே இல்லாதவர். குழந்தையில் இருந்தே விஞ்ஞானிகளிடம் ஒப்படைத்து வளர்க்கப்பட்டவர். தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. டாக்டர், பொறியாளர், பாடகர் தவிர என்னவெல்லாம் உண்டோ அத்தனையும். நியூயார்க்கில் 86-வது மாடியில் அலுவலகம். பணத்துக்குக் கவலையே இல்லை. பிடிபட்ட குற்றவாளிகளைப் போலீசில் கொடுக்க மாட்டார். தன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூளையில் ஆபரேஷன் செய்து பழைய நினைவை அழித்து, நல்ல தொழில் கற்றுக்கொடுத்து அனுப்புவார். அந்தக் காலத்தில் இதை இரக்கம் என்று எழுதினார்கள். இன்று படித்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. யாரைக் கேட்டு ஒருவன் நினைவை அழிப்பது? வெள்ளையர் அல்லாதவர்களை வில்லன்களாக்கிய விதமும் அந்தப் பத்திரிகைகளில் பொதுவாகவே மோசம். பழைய கதையை அப்படியே மறுபடி எடுக்க முடியாததற்கு இதுவும் காரணம்.

1962-ல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் கொண்டுவந்த ஸ்பைடர்மேன் இதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்துப் பையன். சித்தப்பா சாவதற்குத் தானே காரணம் என்ற குற்ற உணர்ச்சி. வீட்டு வாடகைக்குப் பணம் இல்லை, போட்டோ எடுத்து விற்கிறான். கட்டிடம் கட்டிடமாகத் தாவுகிறவனுக்கு மாதக் கடைசி வந்தால் பயம்! உதவித்தொகை வந்துவிட்டதா என்று ஆபீஸ் ஜன்னலை எட்டிப் பார்க்கும் நமக்கு 86-வது மாடிக்காரர் சொந்தக்காரர் ஆக முடியுமா? ஸ்பைடர்மேன் ஆகலாம். அப்போதிருந்து சூப்பர் ஹீரோக்கள் எல்லோருக்கும் ஒரு குறை, ஒரு கஷ்டம் சேர்ந்துகொண்டது. 2008-ல் அயர்ன்மேன் படம் ஜெயித்ததும், 2009-ல் டிஸ்னி ஏறக்குறைய 400 கோடி டாலர் கொடுத்து மார்வெலை வாங்கியதும் எல்லோரும் அறிந்ததே.

ஆனால் டாக் சாவேஜில் எனக்குப் பிடித்துப்போன ஒருவர் உண்டு. அவருக்கு உதவியாக ஐந்து பேர்: வேதியியல் நிபுணர், வக்கீல், சிவில் இன்ஜினீயர், புதைபொருள் ஆராய்ச்சியாளர், ஐந்தாவதாக லாங் டாம் என்ற எலக்ட்ரிகல் இன்ஜினீயர்! பார்க்க நோஞ்சானாக இருப்பார், கோபம் மட்டும் மூக்கின் மேல். ஒரு கும்பலையே சமாளிக்க ஒயரும் பேட்டரியும் போதும் என்று நினைக்கிற ஆள். நம் துறை ஆளைக் கதாநாயகன் பக்கத்தில் நிறுத்திய கதையை எப்படி விட்டுக்கொடுப்பது?

பெயர்கள்

இனி நினைவில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருவோம். ‘அப்போ சூப்பர்மேன் ஜெயித்தார், சரி, அவரை உண்டாக்கியவர்கள் ஜெயித்தார்களா?’ என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. கிளீவ்லேண்டைச் சேர்ந்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் 1938-ல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு கேஸ், தோல்வி, வறுமை. அவர்கள் நிலைமை வெளியே தெரிந்து சத்தம் எழுந்த பிறகு, 1975-ல்தான் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் ஓய்வூதியமும், கதையில் அவர்கள் பெயர் போடவும் நிறுவனம் சம்மதித்தது. அதே ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரே ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பேட்மேனில் பெரும் பங்கு வகித்த பில் ஃபிங்கர் 1974-ல் இறந்தார். அவர் பெயர் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 2015-ல்.

இதில் எழுத்துக்காரர்கள் நிலை எப்படி? லெஸ்டர் டென்ட் 1959-ல் இறந்துபோனார். 1964-ல் பான்டம் நிறுவனம் டாக் சாவேஜ் நாவல்களைப் பாக்கெட் புத்தகமாக மறுபடி போட ஆரம்பித்தது. ஜேம்ஸ் பாமா வரைந்த அந்தக் கிழிந்த சட்டை அட்டைப்படங்கள் பேர் வாங்கின. படம் வந்ததும் எழுத்தும் விற்றது, இதையும் கவனியுங்கள். 181 நாவல்களும் வந்து முடிய 1990 ஆயிற்று. அட்டையில் அப்போதும் கென்னத் ராப்சன்தான். என் கையில் இருப்பது அந்தப் பாக்கெட் புத்தகங்களில் ஒன்று. லெஸ்டர் டென்ட் என்ற பெயரை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, செல்போனில் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

என் கட்சியில் எனக்கே ஒரு சங்கடம் இருக்கிறது. படிக்கத் தேவையில்லாதவன் ஜெயித்தான் என்று பக்கம் பக்கமாக நானே எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எழுத்து தோற்ற கதையை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

ஆனால் ஒன்று நடந்தது. அந்த நாவலைப் படிக்கும் நாட்களில், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அன்றன்றைக்குப் படித்ததை அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். டாக் சாவேஜைப் பற்றி அப்பாவுக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. “எல்லாம் தெரிஞ்சவன்னா அப்புறம் என்ன கதை?” என்றுவிட்டார். லாங் டாம் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார். “அந்த கரென்ட்டுக்காரன் உன்ன மாதிரியே சிடுசிடுன்னு இருக்கான் பாப்பா.” கடைசியில் வில்லன் ஆட்கள் லாங் டாமைக் கட்டிப் போட்ட இடத்தோடு புத்தகம் கிழிந்திருக்கிறது. மூன்று நாள் கழித்து, தராசில் கட்டை வைத்துக்கொண்டே அப்பா கேட்டார்:

“அவன் தப்பிச்சானா இல்லையா?”

மீதிப் பக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் கடைக்கு ஆங்கிலக் கட்டு எது வந்தாலும், பிரிக்காமல் எனக்காகத் தனியே எடுத்து வைக்கிறார் அப்பா.